தட்டாத கதவு

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருமுனைச் சமுதாயக்கூடத்தை, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதியாக்கலாமா என்று கவுன்சிலர் கேட்டார். தெருவே வேண்டாம் என்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுப்பவள் நான். இருக்கும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விடுதி வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதனால் வீடு வீடாகப் பேசக் கிளம்பினேன். "நீ வாயத் தொறக்காத மீனலோசனி, அவங்களப் பேசவிடு" என்று தோழி சரண்யாதேவி சொல்லி அனுப்பினாள். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

எதிர்ப்பவர்களுக்குத் தலைவர் சுப்பராமன் சார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

"லேடீஸ் ஹாஸ்டல் வந்துச்சுன்னா பைக்குக தெருவையே சுத்தும்மா!"

பல்லைக் கடித்துக்கொண்டேன். "நீங்க வேலைக்கு வந்த புதுசுல எங்க தங்குனீங்க சார்?"

அவ்வளவுதான், மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். கல்யாணமாகாதவனுக்கு வீடில்லை என்று ஊரே விரட்டியதாம். திருப்பரங்குன்றம் சத்திரத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம். அவர் மனைவி சீதாலட்சுமி அம்மா கொடுத்த காபி என் கையிலேயே ஆறியது. கடைசியில் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"கெளம்பும்மா, அடுத்த வீட்டுக்குப் போவோம்."

அப்புறம் அவரை யார் பிடிப்பது? போகிற வீடெல்லாம் சத்திரக் கதைதான். ஒரு வீட்டில் மழை சேர்ந்தது, அடுத்த வீட்டில் இடி விழுந்தது. மூன்றாவது வீட்டில் அழுதேவிட்டார்கள். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது. தெருவே மாறிவிட்டது!

கூட்டத்தில் கவுன்சிலர் கேட்டார்: "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா? ஒருத்தர் வேணாம்னாலும் விட்ருவேன்."

ஒரே ஒரு கை எழுந்தது. சீதாலட்சுமி அம்மா! 

"நீயா?" என்று பதறினார் சார்.

"தெருவுல அம்புட்டு வீட்டுக்கும் போனீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வெட்கமாகிவிட்டது. அம்மா கையால் காபி வாங்கிய நானும் அவரைக் கேட்கவில்லையே.

சார் விறுவிறுவென்று வெளியே போனார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து மனைவி முன் கைகூப்பி நின்றார்.

"வணக்கம்மா. ஹாஸ்டல் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு டீச்சர் வேலை கெடச்சுச்சு. தங்க எடமில்லன்னு எங்கப்பா அனுப்பல."

"எனக்கு இது தெரியாதே..."

"கேட்டாத்தான தெரியும்?"

சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா கவுன்சிலரிடம் திரும்பினார்.

"ஹாஸ்டல ஆரம்பிங்க தம்பி. இந்தப் புள்ளைக்கு ஒரு ரூம் குடுங்க. பக்கத்துல எனக்கும் ஒண்ணு. இவரு சத்திரக் கதைய எடுத்தாருன்னா நான் அங்க போயிருறேன்."