மூக்கம்மாளின் மூச்சு

கணியூருக்கு வெளியே, அமராவதி ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, நஞ்சப்பனின் தென்னந்தோப்பில் நிர்மலா வருடத்துக்கு ஒருமுறை யோகா முகாம் நடத்துவாள். வருகிறவர்கள் எல்லோரும் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள். நிர்மலாவே பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, யோகாவால் அதைத் தேற்றிக்கொண்டு, பிறகு யோகா டீச்சராகவே ஆகிவிட்டவள். எந்த வேலை பார்க்கிறவருக்கு எங்கே வலிக்கும் என்று கேட்காமலே சொல்லிவிடுவாள்.

முதல் வருடம் ஆடி மாதத்தில் முகாம் வைத்தபோது, அமாவாசைக்கு முந்தின நாளே பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செத்தவங்களுக்குச் சோறு வைக்கணும் டீச்சர் என்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து அவள் அமாவாசையையே முகாமின் கடைசி நாளாக்கிவிட்டாள். இரண்டு நாள் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும். மூன்றாம் நாள் காலையில், இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, ஆற்றங்கரையில் இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டு, எல்லோரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார்கள். அயர்னிங் மாஸ்டர் அந்தோணிராஜ் தன் தம்பி பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவார். அவரவர் வழக்கப்படி செய்ய வேண்டியதுதான்.

இந்த வருடம் முப்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரைப் பற்றி நிர்மலாவுக்கு முதல் நாளே கவலை பிடித்துக்கொண்டது.

ஒருத்தி மூக்கம்மாள். ஐம்பத்தைந்து வயது, அருப்புக்கோட்டைப் பக்கம், மடிப்பு செக்ஷனில் வேலை. மூட்டுவலியால் அவளால் கீழே உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, "நாலு எண்ணி இழுங்க, எட்டு எண்ணி விடுங்க" என்றால் மூன்றாவது மூச்சிலேயே சிரித்துவிடுவாள். "மூச்ச எண்ணிக்கிட்டு விட்டா எனக்குச் சிரிப்பு வருது தாயி" என்பாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போவாள்.

இன்னொருத்தி அபிராமி. செக்கிங் சூப்பர்வைசர். அவள் புருஷன் மாரிச்செல்வம், கட்டிங் மாஸ்டர், எட்டு மாதத்துக்கு முன்பு மாரடைப்பில் இறந்துபோனார். முப்பத்தெட்டு வயது. ஆம்புலன்ஸ் பிடிப்பது, ஊருக்குத் தகவல் சொல்வது, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அவள் தலையில் விழுந்ததில், கடைசிவரை அவள் அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே பேசினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

நிர்மலா தனக்குத் தெரிந்த அத்தனையையும் செய்து பார்த்தாள். தோளைத் தளர்த்தினாள், முதுகுக்குத் தலையணை கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மூச்சு விட்டாள். அபிராமி சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் ஒவ்வொரு மூச்சும் நெஞ்சுக்குழிக்கு மேலேயே முட்டி நின்றது.

மூன்றாம் நாள் காலையில் தோப்பில் அடுப்பு மூட்டினார்கள். அபிராமி புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். புகை பட்டதோ என்னவோ, கரண்டியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிர்மலா ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே வந்த மூக்கம்மாள், அபிராமியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏத்தா, ஒம் புருஷனுக்கு ஒப்பாரி வச்சாகளா?"

அபிராமி இல்லையென்று தலையாட்டினாள். "ஆஸ்பத்திரியில இருந்து போகையிலேயே நேரமாயிருச்சு. உடனே எடுத்துட்டாக."

"அதான் அடச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றாள் மூக்கம்மாள். "நான் படிக்கட்டுமா?"

தேங்காய் உரித்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் திடுக்கிட்டு எழுந்தார். அவர் அதட்டவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சர், தோட்டத்துக்குள்ள ஒப்பாரிங்களா? நம்மூட்டுல புள்ளைக்கு அடுத்த மாசம் பிரசவமுங்க. பயமா இருக்குதுங்க" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நிர்மலா பேசுவதற்குள் மூக்கம்மாளே முந்திக்கொண்டாள்: "அவுக சொல்றது சரிதான் தாயி. நல்லது நடக்கப் போற எடத்துல இழவுப் பாட்டு கூடாது. நான் ஆத்துக்கு நடக்குறேன்."

அந்த மூட்டுவலிக் காலை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர். நஞ்சப்பன் அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு போய் மொபெட்டை எடுத்து வந்து, "ஏறுங்கம்மா, மெதுவாப் போறேனுங்க" என்றார்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இலை போட்டார்கள். அந்தோணிராஜ் காற்றுக்கு மறைவாக ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தியை நட்டார். மூக்கம்மாள் கரையிலிருந்த ஒரு பாறையில் அபிராமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சாவகாசமாக விசாரித்தாள். அவர் பேரென்ன, என்ன வேலை, வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்.

"நாளெல்லாம் நின்னு துணி வெட்டுறவரு" என்றாள் அபிராமி. "வந்ததும் கால என் மடியில போட்ருவாரு. பிடிச்சு விடணும்."

மூக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அபிராமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அடுக்கடுக்காத் துணிவிரிச்சு அளவெடுத்த மகராசா
அடுக்கின துணியிருக்கு அளவெடுத்த கையெங்கே
பொழுதெல்லாம் நின்ன காலு போயி எங்கே நீட்டினீரு
மடியத்தான் விரிச்சிருக்கா மாரிச்செல்வம் வாருமய்யா..."

அந்தக் கடைசி 'அய்யா' முடியவே இல்லை. கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, நடுங்கி, நீண்டுகொண்டே போனது. பழக்கதோஷத்தில் நிர்மலா மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. இருபத்தைந்து. அவளுடைய எட்டு வருடப் பயிற்சியின் எல்லை அதுதான். முப்பத்தொன்றில் மூக்கம்மாள் நிறுத்தினாள், மூச்சு வாங்காமல் அடுத்த அடிக்குப் போனாள். நாற்காலியில் சிரித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் கிடந்த பெண்ணுக்குள் இவ்வளவு காற்றா! தான் யாருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டாம் முறை 'மடியத்தான் விரிச்சிருக்கா' என்ற இடம் வந்தபோது அபிராமி தன் மடியைப் பார்த்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரும் எதிர்பார்க்காத பெரிய சத்தம். மூக்கம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அழுது ஓய்ந்து இழுத்த மூச்சு அடிவயிறுவரை இறங்கியதை எதிரே இருந்த நிர்மலா கண்ணால் பார்த்தாள். கூட இருந்தவர்களும் அழுதார்கள். அந்தோணிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

மூக்கம்மாள் அவளை எழுப்பி ஆற்றில் இறக்கி, மூன்று முழுக்குப் போட வைத்தாள். "இனிமே பிள்ளைகளப் பாரு" என்றாள். பிறகு, அவள் தலையைத் துவட்டிவிட்டு, இலையிலிருந்த புளிச்சோற்றில் ஒரு உருண்டை எடுத்து ஊட்டினாள்.

அப்போதுதான் நஞ்சப்பன் வந்தார். பாட்டு நடந்த நேரமெல்லாம் தூரத்தில் மொபெட்டோடு நின்றிருந்தார். பாட்டு முடிந்ததும் தோப்புக்குப் போய்வந்திருந்தார்; வண்டியின் முன்னால் இளநீர்க் காய்கள் கட்டியிருந்தன. முதல் காயைச் சீவி மூக்கம்மாளிடம் நீட்டினார். "தொண்டை காஞ்சிருக்குமுங்க" என்றார்.

திருப்பூருக்குத் திரும்பும் வேனில் நிர்மலா மூக்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அடுத்த வருசம் மூச்சு வகுப்பை நீங்கதான் எடுக்கோணுமுங்க" என்றாள்.

"எடுக்கேன். ஆனா எண்ணச் சொல்லாத தாயி."

பின்சீட்டில் அபிராமி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து நிர்மலா அவளுக்கு போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

"மூச்சு நிக்கல டீச்சர்" என்றாள் அபிராமி. "அழுகைதான் நிக்க மாட்டேங்குது."

"அழுங்க கண்ணு."

"ஞாயித்துக்கிழமை மூக்கம்மாக்காவ வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பிள்ளைக அவுகள ஒரு சிரிப்புப் பாட்டுப் படிக்கச் சொல்லுதுக. நீங்களும் வாங்க டீச்சர், மதியச் சாப்பாட்டுக்கு."