அங்கீகரிக்கப்பட்ட சகோதரிகள்

சஜீதா பேசி முடித்து உட்கார்ந்தபோது மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. ஃப்ரிபூர்க்கில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரியின் மாணவியர் பேரவை அன்று ஒரே ஒரு விடயத்துக்காகக் கூடியிருந்தது. ஸ்டெல்லாரியா என்ற சகோதரிச் சங்கத்தைக் கல்லூரி உத்தியோகபூர்வமாக அங்கீகரிப்பதா, வேண்டாமா? அங்கீகரித்தால் கல்லூரிக்குள்ளேயே சொந்த அறை கிடைக்கும். கல்லூரிச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளலாம். புது மாணவிகளை வரவேற்கும் நாளில் மேடையும் உண்டு. இதுவரை அவர்கள் பழைய நகரத்தில் ஒரு மதுச்சாலையின் மாடியில்தான் கூடிவந்தார்கள். பச்சை வெள்ளை நாடாவை மார்புக்குக் குறுக்கே அணிந்து, லத்தீனில் பாடி, ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொண்டார்கள். படித்து முடித்துப் போன சகோதரிகள் பேர்னில் சட்ட அலுவலகங்களிலும் சூரிச்சில் வங்கிகளிலும் இருந்தார்கள். இளையவர்களை அவர்கள் மறப்பதில்லை.

சஜீதா சுருக்கமாகத்தான் சொல்லியிருந்தாள். ஒருத்தியைச் சேர்க்க வேண்டாம் என்று உள்ளே ஒரே ஒரு கை உயர்ந்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது ஸ்டெல்லாரியாவின் விதி. அந்த விதிக்குக் கல்லூரி தன் பெயரைக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மறுமொழி சொல்ல மிதுஷா எழுந்தாள்.

அவள் எழுவாள் என்று சஜீதா எதிர்பார்க்கவில்லை. இருவரும் சூரிச்சுக்கு அருகே டீட்டிகோனில் ஒரே தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருந்து படித்தவர்கள். ஒரே ரயிலில்தான் இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். மிதுஷாவின் நாடா தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது.

"சஜீதா என் சிறுவயதுத் தோழி," என்று அவள் தெளிந்த ஜெர்மனில் தொடங்கினாள். "போன வருடம் அவளும் ஸ்டெல்லாரியாவுக்கு விண்ணப்பித்தாள். தெரிவாகவில்லை. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருடைய வலியை வைத்துக் கல்லூரி முடிவெடுக்க முடியாது. கதவு பூட்டியிருக்கிறது என்கிறார்கள். என்னைப் பாருங்கள். நான் உள்ளேதானே இருக்கிறேன்?"

மண்டபத்தில் மெல்லிய சலசலப்பு எழுந்தது. யாராவது சிரித்திருந்தால் சஜீதா தாங்கியிருப்பாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் திரும்பி அவளைக் கனிவோடு பார்த்தார்கள். அவள் சொன்ன விதியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. சங்கம் எல்லோருக்கும் திறந்தது என்பதை வசந்த காலத்துக்குள் செயலில் காட்ட வேண்டும் என்று மட்டும் கல்லூரி அதிபர் ஒரு நிபந்தனை போட்டார்.

அடுத்து வந்த நாட்களில் சஜீதாவை வாட்டியது தோல்வியல்ல. போன வருடம் தன்னை எடுத்திருந்தால் அன்று எழுந்து அப்படிப் பேசியிருப்பேனா என்று விரிவுரைகளின் நடுவிலும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பேசியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நாடா மார்பில் கிடந்திருந்தால் தானும் அதைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் இருந்திருக்கலாம். மிதுஷா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அவளை மன்னிக்க முடியவில்லை. ஸ்டெல்லாரியாவில் சேர்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள். மிதுஷாவுக்கு வைத்தது ட்ஸிம்ட். ஜெர்மனில் கறுவாப்பட்டை. நிறத்தைப் பார்த்து வைத்தார்களா, கறுவா விளையும் பெற்றோரின் நாட்டைப் பார்த்து வைத்தார்களா என்று மிதுஷா கேட்கவில்லை. அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னதாக மட்டும் சஜீதா கேள்விப்பட்டிருந்தாள்.

ஒரு மழை நாள் மத்தியானம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் மிதுஷா வந்து எதிரே இருந்தாள். பையிலிருந்து ஒரு புது நாடாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீ சேருவியோ எண்டு கேக்கச் சொல்லி அனுப்பினவை," என்றாள்.

"அதிபர் காட்டச் சொன்னதுக்கோ?"

"அப்பிடிப் பாக்காதை, சஜி. அண்டைக்கு நான் கதைச்சது பிழைதான். ஆனா இப்ப உனக்குத்தானே நல்லது? பேர்னில எங்கட பழைய சகோதரியள் இருக்கிற சட்டக் கந்தோரில ரெண்டு இடம் இருக்கு."

"எனக்கு என்ன பேர் வைக்கப் போயினம்?"

மிதுஷா நாடாவின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

சஜீதா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு கேக்கிறன். போன வருசம் எனக்கு எதிராக் கை தூக்கினது ஆர்?"

"அது சொல்லக் கூடாது. விதி."

"நீயோ?"

 மிதுஷா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"ரெண்டு பேர் உள்ளை போனா நாங்கள் 'தமிழ்ப் பிள்ளையள்', சஜி. ஒராள் எண்டா நான் மிதுஷா. உனக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன்."

சஜீதாவுக்கு விளங்கியது.   

"யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்குள்ளை சொன்னாப் போதும்," என்று மிதுஷா எழுந்தாள். "படம் எடுக்க எல்லாரும் வெளியில நிக்கினம். போறன்."

நாடா மேசையிலேயே கிடந்தது. சஜீதா கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தாள். முற்றத்தில் புகைப்படக்காரன் ஒருவன் நின்றான். ஸ்டெல்லாரியாவின் பெண்கள் ஒரு பெரிய பச்சைக் குடையின் கீழ் நெருங்கி நின்று பாடத் தொடங்கியிருந்தார்கள். மிதுஷா ஓடிப்போய்ச் சேர்ந்தாள். அவர்கள் சிரித்தபடி நகர்ந்து இடம்விட்டார்கள். குடை மட்டும் நகரவில்லை. பாட்டு உள்ளே கேட்கவில்லை. எல்லோரையும்விடப் பெரிதாக மிதுஷாவின் வாய்தான் திறந்து மூடியது. குடைக்கு வெளியே நின்ற அவளுடைய இடது தோளில் மழை விழுந்துகொண்டேயிருந்தது.