தொப்பி தொங்கும் கூடாரம்

சாயங்காலமானால் தலைநகர் பிஷ்கெக்கின் அந்தப் பிரசவ மருத்துவமனை முற்றம் சந்தையாகிவிடும். உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்பதால் புருஷன்மார்கள் கீழே நின்று அண்ணாந்து கத்துவார்கள். மனைவிமார்கள் மூன்றாம் மாடி ஜன்னல்களிலிருந்து பதில் கத்துவார்கள். கயிறு இறக்கிச் சாப்பாட்டு மூட்டையை மேலே இழுத்துக்கொள்வார்கள்.

"அய்னாஷ்! பையன் யார் ஜாடை?"

"உங்க அம்மா ஜாடை!"

"ஐயோ! மீசையும் இருக்கா?"

முற்றமே சிரித்தது. ஜிப்பார் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் பெயரைச் சொல்லி யாரும் கீழேயிருந்து கத்தியதில்லை.

அவளுடைய மகள் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வெளியே வர இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே மேய்ச்சல் மலையில் வலி கண்டு, நாரின் நகரம் போகும் வழியில், ஜீப்பிலேயே பிறந்துவிட்டவள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் தலைநகருக்கு. அன்று கூடவே வந்த மெலிஸ் மருத்துவமனை வாசலில் மனைவியின் கையைப் பிடித்து, "போயிட்டு வந்துடறேன்" என்று மலைக்குத் திரும்பினான். அவ்வளவுதான்.

ஜிப்பார் தெற்கே ஓஷ் நகரத்துப் பெண். போன வருஷம்தான் குதிரை மேய்க்கும் மலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அப்பா அம்மா இல்லை. மெலிஸை விட்டால் ஆளில்லை.

மெலிஸ் போன் செய்யாமல் இல்லை. மேய்ச்சல் மலையில் சிக்னல் கிடையாது. குதிரையேறி மேட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டும். மதியம் ஆனதும் பேசுவான். பேச்சு ஒரே மாதிரி இருக்கும்.

"சாப்பிடறியா?"

"ம்."

"பால் வருதா?"

"வருது."

"நல்லது. இங்க காத்து பலமா இருக்கு. வெச்சிடறேன்."

மகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்படி இருக்கிறாள், கண் திறந்தாளா, ஒன்றும் இல்லை. ஒருநாள் ஜிப்பார் கேட்டேவிட்டாள்.

"என்ன, பால் கறக்கற குதிரையைக் கேக்கற மாதிரி தினம் பால் வருதா, பால் வருதான்னு?"

அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அதில்ல... வருதுல்ல?"

"வருது!" என்று போனைக் கட்டிலில் எறிந்தாள்.

மகளுக்கு இரண்டு கஷ்டம். நுரையீரல் பழுக்காத காயாக இருந்தது. மூக்கில் செருகிய குழாய் வழியே இயந்திரம் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, இதயத்தில். டாக்டர் பெக்துர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"வயித்துக்குள்ள இருக்கறப்ப நுரையீரலுக்கு வேலையில்லம்மா. ரத்தம் அதைச் சுத்திக்கிட்டுப் போக ஒரு குறுக்குவழி இருக்கும். பொறந்ததும் அது தானா மூடிக்கணும். சீக்கிரம் வந்துட்ட பிள்ளைங்களுக்குச் சில சமயம் மூடாது. ரத்தம் நுரையீரல்ல போய்க் கொட்டும். அப்புறம் எப்படி மூச்சு விடும்? மூட மருந்து ஒரு சுத்துக் கொடுத்தோம், கேக்கல. இன்னொரு சுத்துத் தரோம்."

"அதுவும் கேக்கலைன்னா?"

"அறுவை சிகிச்சை. இவ்வளவு சின்ன உடம்புக்கு அது சுலபமில்ல. உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. பேசி முடிவெடுக்கணும்."

அன்று மெலிஸ் கூப்பிட்டதும், வழக்கமான கேள்விக்கு இடம் கொடுக்காமல் ஜிப்பார் சொன்னாள். "நீ கிளம்பி வா. டாக்டர் வரச் சொல்றார்."

காற்றின் இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"இப்ப முடியாது ஜிப்பார்."

"ஏன் முடியாது?"

"முடியாது. கேக்காத."

"உன் குதிரைங்களைக் கட்டிக்கிட்டு அழு!"

அதன்பிறகு அவன் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

பால் எடுத்துக்கொண்டு கீழே போகும்போதெல்லாம் பெட்டியருகே நிற்பாள். தொடமாட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் பிறகு பிய்த்துக்கொள்ள முடியாது என்று பயம். உள்ளங்கையில் அடங்கிவிடும் முதுகு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. ஒருநாள் திடீரென்று அந்த அசைவு நின்றது. திரையில் எண்கள் இறங்கின. மணி அடித்தது.

நர்ஸ் சைரா அவசரப்படாமல் வந்து, பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு, பாதத்தில் லேசாகச் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. மறுபடி மூச்சு வந்தது.

"மூச்சு விட மறந்துடுது. ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதான்" என்றாள் சைரா. "என்ன முழிக்கற? நீதானே ஆத்தா. அடுத்த தடவை நீ சுண்டு."

"எனக்குப் பயமா இருக்கக்கா."

"அவளுக்குப் பயமில்ல. உனக்கென்ன?"

இரண்டாம் சுற்று மருந்து முடிந்த நாள் சாயங்காலம். மறுநாள் ஸ்கேன். முற்றத்தில் வழக்கமான கூச்சல். அதையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு பெண்குரல் எழுந்தது.

"ஜிப்பார்! அடியே ஜிப்பார்! செவிடாயிட்டியா?"

ஜிப்பார் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ஓரகத்தி அனார்கான், மெலிஸின் அண்ணன் மனைவி, இரண்டு கையிலும் மூட்டையோடு நின்றாள்.

"போனை எடுக்க மாட்டியா நீ? அங்க ஒருத்தன் பைத்தியமா அலையறான்! கயிறைப் போடு, கறி கொண்டாந்திருக்கேன்!"

"அவர் ஏன் வரல?"

"முதல்ல சொல்லு, பால் வருதா?"

ஜிப்பாருக்குத் தலைக்கேறியது. "நீங்களுமாக்கா? என் பொண்ணு எப்படி இருக்கான்னு ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்க? அவ செத்துட்டான்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

அனார்கான் மூட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். "வாயை மூடு! முழுசாகாத பிள்ளையைப் பத்தி வாய்விட்டுப் பேசுவாங்களா? கண்ணு படாதா? அதனாலதான்டி பாலைக் கேக்கறோம். பால் கறக்கறேன்னா குடிக்க ஆள் இருக்குன்னு அர்த்தம்!"

முற்றத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜிப்பார் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவர் ஏன் வரல?"

"தொப்பியை விட்டுட்டு எப்படி வருவான்?"

"எந்தத் தொப்பி?"

"ஐயோ கடவுளே, உங்க ஓஷ் பக்கம் ஒண்ணுமே கிடையாதா? மாசம் நிறையாம பிள்ளை வந்தா, அப்பனோட நரித்தோல் தொப்பியைக் கூடாரத்துச் சுவர்ச்சட்டத்துல மாட்டணும். சட்டத்து முனையெல்லாம் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்குமே, அதுல. ஒரு நாளைக்கு ஒரு கொம்பு நகர்த்தணும். முன்காலத்துல பிள்ளையையே தொப்பிக்குள்ள வெச்சு மாட்டுவாங்க. சுத்தி வந்து வாசலை எட்டினா பிள்ளை முழுசாச்சு. அப்பன்தான் நகர்த்தணும், ஒரு நாளும் தவறக்கூடாது. வாசல் வர்ற வரைக்கும் கூடாரத்தைப் பிரிக்கவும் கூடாது."

"சரிக்கா, அதனால?"

"அதனாலயா? புல்லு தீந்துபோச்சுடி! நாங்க எல்லாரும் குதிரைங்களை ஓட்டிக்கிட்டு மேல போய் எத்தனையோ நாளாச்சு. அண்ணன் திட்டித் தீர்த்துட்டார். உன் புருஷன் அசையல. மொட்டைத் தரையில ஒத்தைக் கூடாரத்தைப் போட்டுக்கிட்டு, ஒரு நாயும் தொப்பியுமா குந்தியிருக்கான். மத்தியானமானா மேட்டுல ஏறி உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்துட்டு இறங்கறான்."

குதிரையே இல்லாத மலையில் குதிரைக்காரன். ஜிப்பாருக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. இருநூறு மைல் தள்ளி ஒரு தொப்பிக்குக் காவல் இருக்கிறான், மடையன். இங்கே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். கயிற்றை இறக்கினாள்.

கறியும் காய்ந்த தயிர் உருண்டையும் மேலே வந்தன. அனார்கான் போகும்போது திரும்பிக் கத்தினாள். "பாலுக்கு நல்லது, தின்னு! பக்கத்துக் கட்டில்காரிக்கும் கொடு!"

மறுநாள் காலை டாக்டர் பெக்துர் ஸ்கேன் திரையை நெடுநேரம் பார்த்தார். ஜிப்பார் பெட்டியருகே நின்றாள். விலாவின் அசைவு நின்றது. மணி அடிப்பதற்குள் அவள் கை ஓட்டைக்குள் போய்விட்டது. பாதத்தைச் சுண்டினாள். பிள்ளை சுளித்தது. காலை இழுக்கவில்லை; தாயின் விரல்மேலேயே வைத்துக்கொண்டது. அதற்குள் அடிக்கத் தொடங்கிய மணியைச் சைரா நிறுத்தினாள்.

"மூடிடுச்சா டாக்டர்?"

"முழுசா இல்ல. நூல் அளவு பாக்கி இருக்கு. இனி கத்தி வேண்டியதில்ல, அது தானா மூடிக்கும். மூச்சு இயந்திரம் இன்னும் கொஞ்ச நாள் வேணும். பொறுத்துக்கணும்."

மதியம் அவளே போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். காற்று இரைந்தது.

"ஜிப்பார்! பால்..."

"வருது. குழாய் வழியாக் குடிக்கிறா. கத்தி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என் விரல்மேல காலை வெச்சுக்கிட்டா."

அந்தப் பக்கம் நாய் குரைத்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்படி வாய்விட்டுச் சொல்லக்கூடாது ஜிப்பார்..."

"சொல்லிட்டேன். இனி தினம் சொல்லுவேன். கூடாரத்தைப் பிரிச்சுட்டு வா."

"தொப்பி இன்னும் வாசலுக்கு வரலையே."

"தொப்பியோட வா."

"கீழ வைக்கக்கூடாதுடி. எங்க மாட்டறது?"

ஜிப்பார் தாழ்வாரத்தைப் பார்த்தாள். வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி.

"இந்தக் கட்டடத்துல ஜன்னலுக்கா பஞ்சம்? வர்ற வழியில தலையில போட்டுக்கோ. இங்க வந்து கயித்துல மேல அனுப்பு. கடைசி ஜன்னல்ல ஆரம்பிச்சு, தாழ்வாரத்து வாசல் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒண்ணா நகர்த்தலாம்."

"அப்பன்தான் நகர்த்தணும்."

"நீ கீழ நின்னு கத்து. நான் நகர்த்தறேன். இங்க எல்லாப் புருஷனும் அதைத்தான் பண்றான்."

அவன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். இப்போதும் முடியாது என்று சொல்லிவிடுவான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு நகர்த்திட்டேன்" என்றான் கடைசியில். "நாளைக்குள்ள வந்துட்டா கணக்குத் தப்பாது."

சாயங்காலம் முற்றம் நிறைந்தது. அவன் அப்போதுதான் கூடாரத்துக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருப்பான் என்று ஜிப்பாருக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய், கடைசி ஜன்னலைத் திறந்து, துருப்பிடித்த கொக்கியைச் சட்டைக் கையால் துடைத்தாள். கீழே யார் யாரோ யார் யாருடைய பெயரையோ கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.