அலுமாரிக்குள் போன சுவிற்ச்

கிளிநொச்சியில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு சங்கத்துக்கு நிதர்சனா கணினி வலையமைப்புக்கான சுவிற்ச் பெட்டிகள் இரண்டு பொருத்திக் கொடுத்திருந்தாள். அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒன்றின் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். அது நின்றுபோனால், மற்றது அதன் வலை முகவரியை எடுத்துக்கொண்டு உடனே பொறுப்பேற்கும். ஒன்றை நிறுத்திக் காட்டியபோது முகாமையாளர் செல்வநேசன் கைகூடத் தட்டினார்.

அறுவடை நேரம் பார்த்து எல்லாம் நின்றுபோயிற்று. சிட்டை போட வழியில்லாமல் உழவு இயந்திரங்கள் நெல் மூடைகளோடு வீதிவரை நிற்க, நிதர்சனா ஓடிவந்து பார்த்தாள். ஒரு சுவிற்ச் எரிந்திருந்தது. மற்றது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அது சும்மாதானே கிடந்தது பிள்ளை. புதுச் சாமான் பழுதாப்போகும் எண்டு கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சனான்," என்றார் செல்வநேசன்.

"சும்மா கிடக்கேல்லை சேர். காவல் நிண்டது."

அலுமாரித் திறப்பைத் தேடியெடுக்கவே மத்தியானமாயிற்று. பொலித்தீன் உறையைக்கூடப் பக்குவமாகத் திரும்பப் போட்டு வைத்திருந்தார், மனுசன். அவள் அதைப் பொருத்தியதும் கணினிகள் வேலை செய்யத் தொடங்கின. செல்வநேசன் தலைமையகத்துக்குப் போன் எடுத்தார்.

"ஓம் சேர், அந்தப் பிள்ளை பூட்டினது எரிஞ்சுபோச்சு. நல்லகாலம், நான் முன்யோசனையா ஒண்டை அலுமாரிக்குள்ள வைச்சிருந்தனான்."