கோடை முகாம் படிவமும் ரப்பர் பாலும்

போன மே மாதம் ஏழாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, இந்தி பேசும் தீவு நகரத்துப் பத்துபஸ்தியில் குடியிருக்கும் புஷ்பாவின் வலது மணிக்கட்டிலிருந்து ரப்பர் பால் சொட்ட ஆரம்பித்தது. ரத்தமில்லை, வலியில்லை. சாய்வாக ஒரு கோடு, அதிலிருந்து வெள்ளை வெளேரென்று பால். அன்று மார்க்கெட்டில் சூரை மீன் கிலோ இருநூற்றைம்பது.

நடந்தது இவ்வளவுதான். மகள் திவ்யாவுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு. கணவன் சுதாகருக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பத்து நாள் வீட்டிலிருந்தால் அதிகம். புஷ்பாவோ ஆபீஸ் போகிறவள். பகலில் பிள்ளையை எங்காவது விட்டாக வேண்டும். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் தமிழ்க்காரர்கள் நடத்தும் முகாமில் சிலம்பம் சொல்லிக் கொடுத்தார்கள், மதியம் சாம்பார் சாதமும் உண்டு. திவ்யாவும் அங்கேதான் போவேன் என்று குதித்தாள். ஆனால் அங்கே சமைப்பவள் அன்னம்மாள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் புஷ்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பார்த்த மாத்திரத்தில், "அட, பால்வெட்டு நாகலிங்கத்து மகதானே நீ!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கூலிக்காரர் என்று புஷ்பா பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கொட்டிப்போகும்.

ஆகவே ஆபீசர் பிள்ளைகள் போகும் இங்கிலீஷ் முகாமுக்குப் போனாள். படிவத்தில் தாத்தாவின் தொழில் என்று ஒரு கட்டம். தாத்தா தொழிலைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறார்களோ, கேட்டிருந்தார்கள். 'எஸ்டேட் ஓனர்' என்று எழுதினாள் புஷ்பா. "யாரு கேட்டாலும் இதையேதான் சொல்லணும், சம்ஜி? புரிஞ்சுதா?" என்று திவ்யாவின் காதைப் பிடித்துச் சொன்னாள். பேனாவை மூடுவதற்குள் பால் இறங்கிவிட்டது.

டாக்டர் களிம்பு கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது கட்டியாகிக் கழன்று விழுந்தது. ஆபீஸ் ஃபைல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வேறு வழியில்லாமல் கச்சாலுக்குப் போன் போட்டாள். நாகலிங்கம் பதறவே இல்லை. "பால் கெட்டியா இருக்கா புள்ள, தண்ணியா?" என்றார். கெட்டி என்றாள். "அப்ப பயமில்ல. மரத்துக்குக் கட்டுற மாதிரி சிரட்டையக் கட்டி விடு." எதனால் வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், பாவி! போனை வைத்துவிட்டு அழுதாள். பத்துபஸ்தி ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. எதிர்வீட்டு ஜெகநாதன் சைக்கிள் டியூப் ஒட்டக் கொஞ்சம் வாங்கிப் போனார்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, ஆட்டோ கிடைக்காமல் வேர்த்து விறுவிறுத்து நடந்து, மூன்று மணிக்கு முகாம் வாசலில் நின்றாள். சேலை கசங்கியிருந்தது, மணிக்கட்டில் சிரட்டை தொங்கியது. தோழிகளோடு வெளியே வந்தாள் திவ்யா. ஒருத்தி சிரட்டையைப் பார்த்து, "யே கௌன் ஹை?", இது யார் என்று கேட்டாள். திவ்யா கொஞ்சமும் தடுமாறவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள் என்று இந்தியில் பளிச்சென்று சொன்னாள்.

அறையலாம். நான் உன் அம்மாடி என்று கத்தலாம். எந்த வாயால்? புஷ்பா கையை நீட்டி, "பேக் தே தோ, பேபி" என்றாள். பையை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னாலேயே நடந்தாள். அவளுக்குத் தன் கல்யாணம் ஞாபகம் வந்தது. சுதாகர் வீட்டாரிடம் எஸ்டேட்காரர் என்று சொல்லி, இரவல் வாட்ச் கட்டி அப்பாவை உட்கார வைத்திருந்தாள். மனுஷன் மூன்று நாளும் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த ரோட்டில்தான் தெரிந்தது.

திருப்பம் தாண்டியதும் திவ்யா நின்று, "அம்மா, எனக்கும் வருது" என்று கையைக் காட்டினாள். சின்ன மணிக்கட்டில் சாய்வாக ஒரு கோடு. அவள் பயப்படவில்லை. "யாராச்சும் கேட்டா என்னம்மா சொல்லணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"தாத்தா பால் வெட்டுறவருன்னு சொல்லு" என்றாள் புஷ்பா. சொல்லும்போதே சிரட்டையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

திவ்யா யோசித்தாள். "நீ மொதல்ல சொல்லும்மா" என்றாள்.

அப்போது மணி மூன்றேகால். இருவர் கையிலும் பால் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.