ஆறாவது வரிசை நலமாக இருக்கிறது

பீச் பழத்தின் தோலிலிருந்து உதிர்ந்த சுணை முழங்கை வரை ஏறி அரித்தது. மாஹ்ரு சொறியவில்லை. சொறிந்தால் தோல் தடித்து வீங்கும் என்று மூன்று கோடைகளில் கற்றிருந்தாள். பழக்கிடங்கில் ஓடும் பட்டையில் பழங்கள் உருண்டு வந்தன. அடிபட்டது தொட்டிக்கு, கனிந்தது ஜாம் பெட்டிக்கு, கெட்டியானது ஜெர்மனிக்குப் போகும் அட்டைப்பெட்டிக்கு.

"நாளைக்கு வரமாட்டேன்," என்று மேற்பார்வைக்காரி ஸ்டாவ்ரூலாவிடம் தனக்குத் தெரிந்த கொஞ்சம் கிரேக்கத்தில் சொன்னாள். "அகதி முகாமுக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. வீடு விஷயமா."

"வீடா? இருபது வருஷமா நானே வாடகை வீட்டுல கிடக்கறேன். போ. நாளன்னிக்கும் வரலேன்னா உன் இடத்துல வேற ஆள் நிக்கும்."

வீடு என்றால் நகரத்தில் இரண்டு அறை, காய்ந்த சுவர். மகள் நீலாபுக்கு ஏழு வயது. முகாமில் அவர்கள் குடியிருந்த கன்டெய்னரின் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்த நாளிலிருந்து அவளுக்கு மூச்சிளைப்பு. போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்தது. இன்னொரு குளிர்காலம் அதற்குள் வைத்திருந்தால் பிள்ளை தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். கணக்கெடுக்கும் கிரேக்கப் பெண், கையில் டேப்லெட். மொழிபெயர்க்க பர்ஹாம் என்ற ஈரானிய இளைஞன். மாஹ்ரு விடியற்காலையிலேயே எழுந்து பிளீச் ஊற்றிச் சுவரைத் தேய்த்திருந்தாள். வருகிறவர்களை அழுக்குச் சுவருக்கு எதிரே உட்கார வைக்க முடியுமா? நீலாபைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஏலக்காய் தட்டிப் போட்ட பச்சைத் தேநீரும் சர்க்கரை பூசிய பாதாமும் எடுத்து வைத்தாள். கண்ணாடிக் குவளைகள் பக்கத்துக் கன்டெய்னர் சாபிராவுடையவை.

"எப்படி இருக்கீங்க?" அந்தப் பெண் கேட்டதைப் பர்ஹாம் மொழிபெயர்த்தான்.

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா?"

"நான் நல்லா இருக்கேன். குடும்பத்துல எல்லாருக்கும் உடம்பு எப்படி?"

"எல்லாரும் சுகம்."

"குழந்தை ராத்திரி நல்லா தூங்குதா?"

"நல்லா தூங்குவா. உங்க பிள்ளைங்க எப்படி?"

"இருக்கற இடம் வசதியா இருக்கா?"

"எல்லாம் உங்க தயவு."

"உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

இப்படியும் நலம் விசாரிப்பார்களா என்று மாஹ்ருவுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆண்டவன் கொடுத்ததில் மார்க்கைக் குறைப்பது மரியாதை இல்லை. "பத்து," என்றாள்.

ஆப்கானிஸ்தானில், ஹேராத்தில் அவள் தெருவில் யார் வாசலேறினாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். உடம்பு, வீடு, பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் நலம் என்பதுதான் பதில். உள்ளே பிணம் கிடந்தாலும் வாசலில் நலம்தான். தேநீர் தொண்டையில் இறங்கிய பிறகே வந்த விஷயம் வெளியே வரும். மாஹ்ரு ஆஸ்பத்திரித் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்த விஷயத்துக்காகக் காத்திருந்தாள்.

அந்தப் பெண் டேப்லெட்டை மூடினாள். "டீ ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று எழுந்துவிட்டாள்.

பழத்தோட்டத்தில் ஏணி ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் வந்த கணவன் துராப் காலணியைக்கூடக் கழற்றவில்லை. "சொன்னியா?"

"எங்க சொல்றது? நலம் விசாரிச்சாங்க, போயிட்டாங்க. இன்னும் விஷயத்துக்கே வரல."

"ஆபீசருங்க நிதானமாத்தான் வருவாங்க. எடுத்த எடுப்புல கேக்க அவங்க என்ன போலீசா? இன்னொரு நாள் வருவாங்க."

யாரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து முகாம் வாசல் கண்ணாடியில் வீடு கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள்.

"ஏடி மாஹ்ரு, உன் பேர் இல்லடி!" சாபிரா முட்டிவலியோடு விந்தி விந்தி ஓடிவந்தாள். "என் குவளையில டீ, சீனி பாதாம் வேற. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாட்டம் உபசரிச்சு அனுப்பினியே, பொண்ணு பிடிக்கலையாம் பாரு!"

"உன் பேர் இருக்கா அக்கா?"

இருவரும் வாசலுக்குப் போனார்கள். சாபிராவின் விரல் பட்டியலில் கீழே இறங்கியது, மறுபடி மேலே ஏறியது. சிரிப்பு நின்றது.

"உன்கிட்ட கேட்டப்போ என்ன சொன்ன?"

"விதவை வீட்டுக்கு வந்த மனுஷங்க. வந்ததும் வராததுமா ஒப்பாரியா வைப்பேன்? நல்லா இருக்கேன்னேன்."

ஆபீசில் அதே பெண்தான் உட்கார்ந்திருந்தாள். மாஹ்ருவின் எண்ணைத் தேடி எடுத்துப் படித்தாள். பர்ஹாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். உடல்நலம், நன்று. தூக்கம், நன்று. இருப்பிடம், திருப்தி. மொத்தத்தில் பத்துக்குப் பத்து.

"நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான். ஆனா அது பதில் இல்லம்மா, வணக்கம். வாசலுக்கு வந்தவங்களுக்குச் சொல்றது." மாஹ்ரு ஆஸ்பத்திரித் தாளை மேசையில் விரித்தாள். "பதில் இதுல இருக்கு."

"இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே."

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நினைச்சேன்."

அந்தப் பெண் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வரிசைக்கு ஒன்றாக நிறக் கம்பங்கள். ஆறாவது மட்டும் மற்றவற்றை விட உயரமாக, பச்சையாக நின்றது. "பாருங்க, இந்த முகாம்லயே ரொம்ப நல்லா இருக்கறவங்க உங்க வரிசைதான். எங்களுக்கே ஆச்சரியம். மேல்முறையீடு போடலாம். மார்ச்ல எடுப்பாங்க."

ஆறாவது வரிசையில் பதினாலு கன்டெய்னர். அத்தனையிலும் அவள் நாட்டுக்காரர்கள். மாஹ்ரு யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்ச்சுக்கு முன்னால் டிசம்பர் வரும், ஜனவரி வரும்.

அவள் பர்ஹாமைப் பார்த்தாள். "தம்பி, நம்ம பாஷைதானே உனக்கும். உங்க வீட்லயும் இப்படித்தானே சொல்லுவாங்க?"

அவன் மேசையின் விளிம்பைப் பார்த்தான். "ஆமா அக்கா. எங்கம்மா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க."

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னதை மட்டும்தான் மொழிபெயர்க்கணும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்த்தாலும் வேலை போயிடும் அக்கா. கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"என்ன சொல்றாங்க?" என்றாள் அந்தப் பெண்.

மாஹ்ரு சொன்னது ஒன்றையும் விடாமல் அவன் கிரேக்கத்தில் சொன்னான். தன் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் தலையசைத்து, வருத்தத்தோடு ஒரு படிவத்தை நீட்டினாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் பழக்கிடங்கு வேனுக்காகப் பெண்கள் நின்றிருந்தார்கள். நகரத்துக்குப் போகும் பேருந்தும் அதே வாசலுக்குத்தான் வந்தது. மற்ற வரிசைகளிலிருந்து நாலு குடும்பங்கள் மூட்டைகளோடு ஏறின. ஓட்டுநர் தலைகளை எண்ணினான். பதினேழு.

"அம்பது சீட் வண்டி அனுப்பியிருக்காங்க. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றான் பட்டியல் வைத்திருந்தவன். "மத்தவங்க எல்லாம் நல்லா இருக்காங்க."

கதவு மூடியது. பயணத்துக்கென்று எல்லா இருக்கையிலும் முன்கூட்டியே ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். பேருந்து வளைந்து சாலையில் ஏறியபோது, காலி இருக்கைகளில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.