பத்தாவது வருடம்

ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு விமானம் ஏற இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது, மீதி போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த லட்சணத்தில்தான் என் பள்ளித் தோழி ஜெம்மா வந்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

ஜெம்மா, இங்கிலாந்தில் எங்கள் ஊரான கிரிம்ஸ்பியின் துறைமுகத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.

"கெய்லி, உன் அரசாங்க பென்ஷனுக்கு எத்தன வருஷம் சேந்திருக்குன்னு பாத்தியா?"

"எனக்கு இருபத்தெட்டு வயசுடி. கிழவியானப்புறம் பாத்துக்கலாம்."

"நாட்ட விட்டுப் போறவதான் இப்பவே பாக்கணும். பத்து வருஷம் முழுசா இருந்தாத்தான் ஏதாவது கிடைக்கும். ஒம்பதுன்னா ஒண்ணுமே கிடையாது. அங்கேருந்து பணம் கட்டி மேல சேத்துக்கலாம்னாலும் அதுக்கும் பத்து வேணும்."

பதினெட்டு வயதிலிருந்து முதியோர் இல்லத்தில் மாடாக உழைத்தவள் நான். பத்துக்குக் குறையாது என்ற திமிரில் போனில் என் பென்ஷன் கணக்கைத் திறந்தேன். ஒன்பது என்றிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்தபின் மகள் எல்சியோடு வீட்டிலிருந்த வருடத்துக்கு நேரே, 'முழுமையாக இல்லை.'

"குழந்தைக்கு வர்ற அரசாங்கப் பணத்த யார் பேர்ல வாங்குறீங்க?" என்றாள் ஜெம்மா.

"கானர் பேர்ல."

ஜெம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பணம் யார் பெயரில் வருகிறதோ, அவர் கணக்கில்தான் பிள்ளை வளர்த்த வருடமும் சேருமாம். என் பெயரில் இருந்திருந்தால் அந்த வருடம் எனக்குச் சும்மாவே கிடைத்திருக்கும். வயிற்றில் தையலோடு நான் படுத்துக் கிடந்தபோது, என் கணவன் கானர்தான் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தான். செய்துவிட்டு ஏதோ வீடே கட்டிமுடித்தவன் போல வந்து நின்றான். நானும் மெச்சி முத்தம் கொடுத்தேன்!

"மாத்திக்கலாம்டி. ஒரு படிவம் இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவனுக்குத்தான் வேலை செஞ்சே அந்த வருஷம் சேந்துடுச்சே, ஒரு நஷ்டமும் இல்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விசா கானரின் எலக்ட்ரீஷியன் வேலைக்குக் கிடைத்தது. நான் அதன் வாலில் தொங்குகிறவள். அங்கே ஏதாவது கோணலாகி, பிள்ளையோடு இங்கே திரும்பி வந்து நின்றால், பத்து வருட உழைப்புக்கு எனக்கென்று என்ன இருக்கும்? பயமாக இருந்தது. அதைக் கானரிடம் சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் தின்று முடித்ததும் படிவத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"இப்ப எதுக்கு இது?" என்றான்.

"என் வருஷம், எனக்கு வேணும்."

"அப்ப நீ தனியா திரும்பி வர்ற திட்டத்துல இருக்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எதுக்குடி? நான் அங்க நம்ம வீடு, நம்ம கடற்கரைன்னு பேசிக்கிட்டிருக்கேன். நீ இங்க எல்லாத்தையும் பத்திரப்படுத்துற. நல்லாருக்கு."

எனக்கு அவமானமாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கிழிக்காமல் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். ஒன்பது நாள் அவன் அதைப் பார்க்காமலே பால் எடுத்தான்.

பத்தாம் நாள், எல்சியைக் குளிப்பாட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து கத்தினான். "சரி, போட்டுத் தொலைக்கிறேன். என் பென்ஷன் கணக்குக் காப்பீட்டு நம்பர் போன்ல இருக்கு, பாத்து எழுதிக்க."

அப்பாடா என்று அவன் போனை எடுத்தேன். நம்பருக்குக் கீழேயே அவனுடைய வருடங்களும் இருந்தன. பத்து.

பத்தா? ஐந்து வருடம் முன்பு நண்பனின் மீன் வண்டியில் சம்பளச் சீட்டே இல்லாமல் வேலை பார்த்தானே, அந்த வருடம் எப்படிச் சேரும்? தேடிப் பார்த்தேன். 'முழுமை. சொந்தமாகச் செலுத்தியது, பிப்ரவரி பதினொன்று.'

பெர்த் என்று நாங்கள் முடிவெடுத்தது ஜனவரியில்.

அவனுக்கும் ஒன்பதுதான் இருந்திருக்கிறது. பார்த்திருக்கிறான், பயந்திருக்கிறான், விட்டுப்போன வருடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறான். உன்னுடையதையும் ஒரு தடவை பாரேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்சியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தவன், என் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"கெய்ல், அது வந்து..."

"கையெழுத்துப் போடு."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டான்.

"தேதியும்."

தேதியும் எழுதினான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் தானே தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லிக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். தனியாகத் திரும்பி வருவதைப் பற்றி அவன் அப்புறம் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.